ட்ரோனுக்குச் சமதளம் காட்டிய கதை

‘ஃப்ளைட் கண்ட்ரோலரை மாற்றினால், பறக்க விடும் முன் ஆக்சலரோமீட்டரைச் சமதளத்தில் வைத்து காலிபரேட் செய்ய வேண்டும்.’

கையேட்டில் இருக்கும் விதி. தெளிவான விதி. முப்பத்தாறு வருஷம் அரசாங்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன் — ஒரு விதி இவ்வளவு தெளிவாக இருந்தால் எங்கேயோ கோளாறு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் தெரு ஜெயந்தி, மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டுகிறவர். மகளிர் குழுவுக்குக் கிடைத்த ட்ரோன். பயிற்சி, சர்டிபிகேட் எல்லாம் முறைப்படி உண்டு. ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கண்ட்ரோலர் பழுதாகி, கம்பெனி புதிதாக ஒன்றை அனுப்பியிருந்தது. கையேடு முழுக்க இங்கிலீஷ்.

"சார், கொஞ்சம் படிச்சு சொல்லுங்க."

ரிட்டயர் ஆனவனிடம் ஒரு கையேட்டை நீட்டுவதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

அவருக்கு அவசரம். குழு குத்தகைக்கு எடுத்துப் போட்டிருந்த மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், இலைப்புள்ளி நோய் விழுந்து, இலை கொட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாளுக்குள் தெளித்தாக வேண்டும். ஆனால் நிலத்தின் கிழக்கு வரப்பைத் தாண்டினால் உப்பளம். ட்ரோன் கொஞ்சம் நகர்ந்தாலும் மருந்து உப்பில்தான் விழும். அங்கே உப்பு வாரும் அஞ்சலை முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.

"ஏ ஜெயந்தி, ஒரு சொட்டு என் பாத்தில விழுந்துது... உன் ஹெலிகாப்டர உப்புலியே பொதைச்சுடுவேன்!"

ஆக்சலரோமீட்டர் என்பது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று ட்ரோனுக்குச் சொல்லும் சின்னச் சில்லு. புதுசுக்கு எது நேர், எது சாய்வு என்று தெரியாது. நாம்தான் காட்ட வேண்டும். நேராக, இடப்பக்கமாக, வலப்பக்கமாக, மூக்கு கீழே, மூக்கு மேலே, கடைசியில் தலைகீழாக. ஒவ்வொரு நிலையிலும் அசையாமல் பிடித்து, போன் செயலியில் ஒரு பட்டன்.

சமதளத்துக்கு எங்கே போவது? நான்தான் சொன்னேன்: "மரக்காணத்துல இருந்துக்கிட்டு சமதளத்துக்கு அலையணுமா? உப்புப் பாத்தியைவிட மட்டமான இடம் ஏது?"

மிதித்துக் காயப்போட்டிருந்த, இன்னும் தண்ணீர் விடாத ஒரு பாத்தியின் ஓரத்தில் வைத்தோம். இறக்கைகளைக் கழற்றிவிட்டு நானும் ஜெயந்தியும் ட்ரோனைப் புரட்டிப் புரட்டிப் போட்டதைக் கரையில் நின்று பார்த்த அஞ்சலை கேட்டார்: "இன்னா சார், கொழந்தைக்கு எண்ண தேய்க்கிறீங்களா?"

ஆறு நிலையும் முடிந்தது. ‘வெற்றி’ என்றது செயலி. செயலிக்கென்ன, சொல்லும்.

இறக்கைகளை மாட்டி, டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, வயலுக்கு மேல் நிறுத்திப் பார்த்தார் ஜெயந்தி. "முதல்ல ஜிபிஎஸ் இல்லாம பாக்கணும் சார். அது எப்ப கைவிடும்னு சொல்ல முடியாது."

ட்ரோன் எழும்பியது. நின்றது. பிறகு, யாரோ கூப்பிட்ட மாதிரி, மெதுவாக உப்பளம் பக்கம் நகர ஆரம்பித்தது.

"காத்து" என்றேன், அதிகாரத்தோடு.

ஜெயந்தி ட்ரோனின் மூக்கை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பினார். இப்போது அது மேற்கே நகர்ந்தது.

"ட்ரோன் திரும்பினா காத்தும் சேந்து திரும்புமா சார்?"

விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கம்பெனிக்கு மெயில் எழுதினேன். பொருள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு எல்லாம் போட்டு. உடனே டிக்கெட் எண் வந்தது. டிக்கெட் எண் மட்டும்.

சாயங்காலம் அஞ்சலையே விசாரித்தார். "நேர் காட்டினோம்னீங்களே, என் பாத்தியில வச்சுப் பொரட்டினீங்களே, அதுதானா?"

"ஆமாம்மா. மட்டமா இருக்குமேன்னு..."

"யாரு சொன்னா மட்டம்னு? அந்த ஓரம் வாய்க்காலுக்கு எறங்குது. மழ பேஞ்சா தண்ணி வடிய வேணாமா? நாந்தான மிதிச்சேன்!"

கையிலிருந்த பாட்டில் தண்ணீரைப் பாத்தியில் சாய்த்தார். அது ஒரு கணம் யோசித்தது... வாய்க்காலைப் பார்த்து ஓடியது. அளந்து பார்த்தோம். ட்ரோன் நின்ற அகலத்துக்குள்ளேயே இரண்டு விரல் சரிவு. நாங்கள் அந்தச் சரிவையே நேர் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ட்ரோனும் நல்ல ஊழியன் மாதிரி, சொன்னபடி சாய்ந்தே பறந்திருக்கிறது.

தினமும் அந்தப் பாத்திகளைப் பார்த்தபடிதான் வாக்கிங் போகிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் மட்டம்தான் — கலெக்டர் ஆபீஸ் ஜன்னலிலிருந்து மாவட்டம் தெரிவது போல. மிதித்த காலுக்கல்லவா சரிவு தெரியும்?

மறுநாள் காலை, பக்கத்தில் வீடு கட்டும் மேஸ்திரியிடம் ரசமட்டம் இரவல் வாங்கினோம். நாலு செங்கல், மேலே ஒரு பலகை. குமிழ் நடுவில் நின்ற பிறகு, மறுபடியும் ஆறு நிலை. மறுபடியும் வெறும் தண்ணீர். இந்த முறை ட்ரோன் ஆணி அடித்த மாதிரி நின்றது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நின்றது.

அஞ்சலை அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, தெளிச்சுக்கோ. நான் இந்த வரப்புலியே நிக்கிறேன்."

"அது மருந்து, அக்கா. தள்ளி நில்லு."

"எங்க பக்கம் படாதுன்னு நீதான சொன்ன?"

ஜெயந்தி டேங்கில் மருந்தை ஊற்றினார். பிறகு ஜிபிஎஸ்ஸையும் போட்டு, வரப்போரம் நாலு வரிசையைக் கைத்தெளிப்பானுக்கு விட்டுவிட்டு, மிச்சத்தை முடித்தார். நகராமல் வரப்பிலேயே நின்ற அஞ்சலை, தன் முந்தானையைத் தடவி, முகர்ந்து பார்த்தார். நேரே உப்பு வாரப் போய்விட்டார். அவர் தந்த தடையில்லாச் சான்று அதுதான்.

கம்பெனி பதில் போட்டதா என்று கேட்கிறீர்களா? போட்டது. மல்லாட்டை பிடுங்கி, காய் ஆய்ந்து, மூட்டைகளை வண்டியில் ஏற்றிய அன்றைக்கு.