மூங்கில்களுக்கு நடுவே

பிள்ளையார் தேர் போய் முடிந்த மாலை. பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் தெருவில் தேங்காய்ச் சில்லுகள் ஈரத்தில் மின்னுகின்றன. கற்பூரப் புகை தரையை விட்டுப் போக மனமில்லாமல் நிற்கிறது. மளிகைக் கடைக்காரர் வாசல் பந்தலைப் பிரிக்கிறார். அவர் கடையில் காய்கறி நிறுக்கும் பிலிப்பைன்ஸ் பெண் மரிசெல் இரண்டு மூங்கில் கேட்கிறாள், அவர்கள் ஊர் ஆட்டத்துக்காம். கழிகளைத் தரையில் இரண்டு தட்டு, பிறகு ஒன்றோடொன்று ஓர் அடி. நடுவே, வயலில் கண்ணி தாண்டும் பறவையைப் போல அவள் ஆட வேண்டும்.

ஒரு முனையில் அவர் குந்துகிறார், மறுமுனையில் ஊர் பார்க்க வந்த நான். தட்டு, தட்டு. அடிக்க வேண்டிய இடத்தில் அவர் கை நின்றுவிடுகிறது.

"கால் நசிஞ்சு போகும், தங்கச்சி."

"நீங்கள் பயந்து பிந்தினால்தான் அண்ணை நசியும்," என்கிறாள், கடையில் பழகிய யாழ்ப்பாணத் தமிழில்.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்கிறார். மூங்கில்கள் மோதும் சத்தம் தெரு முழுக்கப் போகிறது. மறுபடியும், மறுபடியும்.

"கால் இருக்கோ?" என்கிறார், கண்ணைத் திறக்காமலே.

"ஓம் அண்ணை. நிப்பாட்டாதேங்கோ."

குரல் மேலேயிருந்து, அவள் துள்ளலின் உச்சியிலிருந்து வருகிறது.