அந்த வரியை நான்தான் கொடுத்தேன்

குழந்தைகள் கதையில் நொண்டிப் பெண் ஒருத்தி வந்துவிட்டால் அவளுக்கு இரண்டே கதிதான். கடைசிப் பக்கத்தில் ஊன்றுகோலை வீசிவிட்டு ஓடுவாள். இல்லையென்றால் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டு சிரித்த முகமாகவே இருப்பாள். எனக்கு இரண்டு வயதில் போலியோக் காய்ச்சல் வந்தது. வலது கால் பெயருக்குத்தான் கால். இடுப்பு வரைக்கும் கம்பியும் தோல் வாரும் வைத்த கேலிப்பர் மாட்டித்தான் நடக்கிறேன். இந்த நாற்பத்தைந்து வயது வரைக்கும் ஓடியதும் இல்லை, யாருக்கும் புத்தி சொன்னதும் இல்லை. திட்டியதுண்டு, அதற்குக் கணக்கே கிடையாது.

பெங்களூர் வைட்ஃபீல்டில் என் ஆபீசில் கோயமுத்தூர்ப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். குழந்தைகளுக்குக் கதை எழுதுவாள். இப்போதெல்லாம் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கால் விளங்காதவளைப் பற்றி எழுதினால், கால் விளங்காத ஒருத்தியிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஆபீசில் அந்தத் தகுதி எனக்கு மட்டும்தான். அச்சுக்குப் போகும் முன் காகிதங்களைக் கொண்டுவந்து கேன்டீன் மேசையில் வைத்தாள். "தாராளமா திட்டுங்கக்கா," என்றாள். கேட்டது அவள். நான் என்ன செய்ய?

கதையில் வரும் பெண் கேலிப்பரைச் செருப்பு மாதிரி மாட்டிக் கழற்றினாள். அதைத் திருத்தினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூட அந்தப் பெண்ணைக் கேலி செய்யவில்லை. அதையும் திருத்தினேன். அவளுடைய அம்மா வந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு பாடுகிறாள், "நீ என் நட்சத்திரம்" என்கிறாள், முகம் சுளிப்பதே இல்லை. ஓரத்தில் 'இந்த அம்மா பொய்' என்று கிறுக்கினேன்.

எழுதியவள் முகம் சுண்டிப்போனது. "அம்மான்னா அப்படித்தானுங்கக்கா இருப்பாங்க?"

"எங்க அம்மா என்ன சொன்னாங்கன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டேன். அப்போது நாங்கள் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மத்தியானம் பாயில் படுத்திருந்தேன். வாசலுக்கு எதிரே குழாயடியில் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள்: "இது அந்தக் காய்ச்சல்லயே போயிருந்தா, அதுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." நான் தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

அந்தப் பெண் கேன்டீனிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு, "இதை நான் எடுத்துக்கட்டுங்களா அக்கா?" என்றாள்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். வடை மடித்து வரும் காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிப்பவள். நான் அன்றைக்குக் கேட்டுவிட்டேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. முப்பத்தாறு வருடமாகத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் "எடுத்துக்கோ" என்றேன். ஒரு குழந்தைப் புத்தகத்திலாவது நிஜமான ஒரு வரி இருக்கட்டும் என்ற திமிர். கொஞ்சம் பழியும் இருந்தது, மறைப்பானேன். என் பெயர் மட்டும் வரக்கூடாது என்றேன்.

முதல் பக்கத்திலேயே பெயரைப் போட்டு நன்றி சொல்லி, புத்தகத்தை வீட்டு விலாசத்துக்குக் கூரியரில் அனுப்பிவிட்டாள் அந்த மகராசி. அன்பாம்! அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய் லிஃப்டில் வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். செக்யூரிட்டியிடம் கன்னடத்தில் பெருமை வேறு பேசிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "அது சின்னப் பசங்க கதைம்மா, உனக்கு எதுக்கு?" என்றேன்.

"உம் பேரு போட்டுகிறாங்க, நான் படிக்காம யாரு படிப்பாங்க? போடி."

பிடுங்கியிருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. விரலை வரியின் கீழே ஓட்டிக்கொண்டு, பாதி வாய்விட்டுப் படித்தாள். குழாயடி வந்தது. விரல் நின்றது.

"இத யாரு சொன்னாங்க இவளுக்கு?"

கற்பனைம்மா, கதைதானே என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. "நான்தான் சொன்னேன். அன்னிக்கு நான் தூங்கலம்மா," என்றேன்.

அழுவாள் என்று பார்த்தேன். அழட்டும் என்றுகூட இருந்தது. அவள் மறுபடியும் அதே பக்கத்தை முதலிலிருந்து படித்தாள். அந்த வரிக்குக் கீழே எழுத்தாளப் பெண் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தாள். கதையில் வரும் அம்மா உடனே ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாள். 

"இது தப்பு," என்றாள் என் அம்மா. "நான் எங்க வந்து கட்டிக்கினேன்? கொடம் ரொம்பிச்சி, தூக்கிகினு வந்தேன். அப்புறம், ஒரே ஒரு வாட்டி சொன்ன மாதிரி எழுதிகிறாளே. நீ கேட்டது ஒரு வாட்டி. ஒன்ன இடுப்புல வெச்சிகினு ஸ்கூல் மேடு ஏறுன அத்தினி நாளும் அதையேதான் மனசுல சொல்லிகினு ஏறுனேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப எதுக்கு தினமும் தூக்கிகினு போனே?"

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள்.

"தூக்காம இன்னா பண்ணச் சொல்ற? நீதான் அந்தக் காய்ச்சல்ல போவலியே."