ஸ்கேற் பார்க்குக்குச் சுவர் தேடிய கதை

1. சந்தைத் தரை

பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக, அதாவது ரி.ஓ.வாக, இருந்து ஓய்வுபெற்றவன் நான். மதகு, வாய்க்கால், சுடலைக் கொட்டகை என்று கட்டாதது ஒன்றுமில்லை என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தவன். கட்டாமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் இது.

ஒருநாள் மத்தியானம் தவிசாளர் கூப்பிட்டார்.

"சந்தைக்குள்ள பிள்ளையள் சில்லுப் பலகையில ஓடித் திரியுதுகளாம். போய்க் கலைச்சுப்போட்டு வாரும்."

போனேன். மரக்கறி வியாபாரிகள் போய், தரை கழுவி, காய்ந்து கிடந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் ஸ்கேற்போட்டில் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் பிள்ளை நின்று "முழங்காலை மடி, முழங்காலை மடி" என்று கத்திக்கொண்டிருந்தாள். பெயர் ஜெனிற்றா. மீன்பிடிக் குடும்பம். ரவுணில் போன் கடையில் வேலை. பிரான்சில் இருக்கும் மச்சான் வரும்போதெல்லாம் கொண்டுவந்த பலகைகள் அவை.

"கலைக்க வந்தனீங்களோ சேர்?"

"ஓம் பிள்ளை."

"கலையுங்கோ. பிறகு இதுகள் றோட்டிலதான் ஓடும். ஊரில வேற எங்க சேர் இப்பிடித் தரை இருக்கு?"

அந்தத் தரையைப் போட்டவனே நான்தான். அதை உடைத்துக் கடைத்தொகுதி கட்டும் பிளானும் என்னுடைய மேசையில்தான் கிடந்தது. அதைச் சொன்னேன்.

"அப்ப உடைக்க முதல் எங்களுக்கு ஒரு இடம் கட்டித் தாங்கோ," என்றாள்.

2. அதுக்கு வோட் இல்லை

சபையில் எதைக் கேட்டாலும் முதல் பதில் "அதுக்கு வோட் இல்லை" என்பதுதான். வரவுசெலவில் அந்தப் பெயரில் ஒரு தலைப்பு இல்லையென்றால் ஒரு சீமெந்துப் பையும் அசையாது. ஸ்கேற் பார்க் என்று ஒரு தலைப்பை இலங்கையில் எந்தச் சபை போடும்? தவிசாளர் நல்ல மனிசன். சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் கிடந்த சபைக் காணியைத் தந்தார். "காசுக்கு வெளிநாட்டைப் பாருங்கோ" என்றார்.

பார்த்தோம். கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முன்வந்தார். அவரை ராசன் அண்ணை என்று வைத்துக்கொள்வோம். வட்ஸ்அப்பில் முகம் தெரிந்தது. நான் பிளானைக் காட்டினேன். இரண்டு பக்கமும் கொங்கிறீற் சரிவு, நடுவில் பவர் ட்ரவல் மெஷினால் தேய்த்து வழுவழுப்பாக்கிய தரை, விளிம்பில் இரும்புப் பைப்.

"வடிவா இருக்கு தம்பி. அப்பாவின்ரை பேர் எங்க வரும்?"

"இதுக்குச் சுவர் இல்லை அண்ணை. எல்லாம் ஓடுற தரைதான். வேணுமெண்டா சரிவில ஒரு கல்லுப் பதிக்கலாம்."

"என்ரை அப்பாவின்ரை பேருக்கு மேல சில்லு ஓட்டுறதோ? என்ன கதை கதைக்கிறீர்?"

சிரிக்கிற விஷயமில்லை. அவருடைய தகப்பன் இடம்பெயர்வில் வழியில் செத்தவர். எங்கே புதைத்தார்கள் என்றே தெரியாது. குளிருக்குள் லொறி ஓடிச் சேர்த்த காசில் ஊரில் ஒரு கல்லிலாவது அந்தப் பெயரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதில் என்ன பிழை? எங்கள் ஊரில் கிணற்றுக்கட்டு, பஸ் தரிப்பிடம், பள்ளிக்கூட மேடை எல்லாம் யாரோ ஒருவரின் ஞாபகார்த்தம்தான். சுவர் இல்லாத ஒன்றை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

"அப்ப வாசலில ஒரு வளைவு கட்டுவம்," என்று பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த தவிசாளர் குறுக்கே விழுந்தார். ஜெனிற்றாவுக்கும் சந்தோஷம். எனக்கும்தான், ஏன் ஒளிப்பான்.

3. வளைவு

நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணை ஊருக்கு வருகிறார் என்றதும் வளைவு முதல், தரை பிறகு என்றாயிற்று. லண்டனில் இருக்கும் அவருடைய தம்பிக்காரன் தாயின் பெயர் மற்றத் தூணில் வர வேண்டும் என்றார். தூண் பருத்தது. கிறனைற் கல் வந்தது. மேலே கலசம் வந்தது. சீமெந்து விலை ஏறிய காலம் வேறு.

திறப்புவிழாவுக்கு மேளம், மாலை, நிறைகுடம். பிள்ளைகள் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நாடா வெட்டியதும் எல்லோரும் உள்ளே போனோம். உள்ளே சிவப்பு மண்ணும் நாயுருவியும். அண்ணை தகப்பனின் பெயரைத் தொட்டுத் தொட்டு அழுதார். நானும் கண்ணைத் துடைத்தேன்.

அவரிடம் அதற்குமேல் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. சரி, தரைக்கு வேறு ஆட்களைக் கேட்போம் என்று ஜெனிற்றாவும் நானும் போன் போனாக எடுத்தோம். ஜேர்மனி, சுவிஸ், அவுஸ்திரேலியா, எல்லாரும் ஒரே கதைதான்.

"உது அவையின்ரை பார்க்தானே. வளைவிலை பேரும் அவையின்ரை. பிறகு நாங்கள் ஏன்?"

இரண்டு தூணும் நிரம்பிவிட்டன. இனி யாருடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அங்கே இடமில்லை. காசு வரட்டும் என்று கட்டிய வளைவுதான் வரவிருந்த காசையும் வாசலில் மறித்தது. கோதாரி விழுந்த வளைவு என்று சபைக் கந்தோரில் நான் கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

4. றோட்டு

சந்தையை உடைத்தார்கள். ஜெனிற்றா சொன்னது போலவே பிள்ளைகள் றோட்டுக்குப் போனார்கள். புதிதாகத் தார் ஊற்றிக் காப்பெற் போட்ட றோட்டு, நல்ல வழுவழுப்பு. மண் ஏற்றிய ரிப்பர் லொறி ஒன்று கவிஷா என்ற பிள்ளையை அடித்தது. உயிர் தப்பியது. வலது காலுக்குள் கம்பி வைத்தார்கள்.

ஜெனிற்றா வீடு வீடாகப் போய்ப் பலகைகளைத் திருப்பி வாங்கினாள். கந்தோருக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"உந்த வளைவுக்குக் கீழ ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தரை போட்டிருந்தாலும் காணும் சேர்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. அடுத்த வருஷம் மச்சானைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டாள்.

இப்போது ரி.ஓ.வாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் தரையைப் போடுங்கள். பெயர் எங்கே வரும் என்று கேட்டால், தரை காயட்டும் அண்ணை, பிறகு கதைப்பம் என்று சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

போன மாசம் ராசன் அண்ணை போன் எடுத்தார். அப்பாவின் பெயர் வெயிலுக்கு மங்கிப்போனதை யாரோ படம் எடுத்து அனுப்பினார்களாம். அந்தக் கிழமையே காசு வந்தது. பெயின்ரரைப் பிடித்து நானே பக்கத்தில் நின்று எழுத்துக்குத் தங்க நிறம் அடிப்பித்தேன்.

ரியூசனுக்குப் போன கவிஷா காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பார்க் கட்டத் தொடங்கீட்டினமோ சேர்?"

"இல்லை பிள்ளை," என்றேன். "பெயின்ற் மட்டும்தான்."