பீப்பாய் உருட்டிய நாய்

தொப்பி வைத்த குண்டு ஆள் ஒருவர் துரத்த, மலைமேல் பீப்பாயை உருட்டிக்கொண்டு ஓடும் ஒரு கார்ட்டூன் நாய். அதைச் சாராயம் காய்ச்சுகிற நாய் என்றே நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் மேல் தப்பில்லை. கல்வராயன் மலையில் ஒரு பீப்பாய் கிடந்தால் அதற்குள் சாராய ஊறல்தான் இருக்கும். அதைத் தேடித் தொப்பிக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஏறி வருவார். கள்ளக்குறிச்சிப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிவி இருந்தது அடுத்த தெரு ரைஸ்மில்காரர் வீட்டில். அந்த வீட்டம்மா கெட்டவர் இல்லை. "தரை இப்பதான் தொடச்சுது, ஜன்னலாண்டயே நின்னு பாருங்க" என்பார், அவ்வளவுதான். உமித்தூசிக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடியை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். படம் தெரியும், சத்தம் கேட்காது.

எங்களுக்குச் சத்தம் என் அண்ணன்தான். தொப்பிக்காரருக்குக் கட்டைக்குரல்: "இன்னாடா, என்னப் பாத்துட்டு எங்க ஓட்ற?" நாய்க்குக் கீச்சுக்குரல்: "பண்டிக கழிச்சி வாங்க சார், சரக்கு இன்னும் ஊறல!" நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஓடு, ஓடு" என்று நாய்க்காகக் கத்துவோம். அது பள்ளத்தில் விழுந்து அப்பளமாகும். உடனே உதறிக்கொண்டு எழுந்துவிடும். "த்தூ, காலையில யார் மூஞ்சில முழிச்சனோ" என்பான் அண்ணன், நாய்க்குப் பதிலாக.

வளர்ந்ததும் அவன் மூட்டை தூக்கப் போனான். உடம்பு வலிக்குச் சாயங்காலம் ஒரு பாக்கெட் சாராயம். தெருவே குடித்ததைத்தான் அவனும் குடித்தான். ஒருநாள் அந்தச் சரக்கில் விஷம் கலந்திருந்தது. சாவுப் பந்தல் போட மூங்கில் கிடைக்காமல் எங்கள் தெரு அல்லாடிய அந்த வாரத்தில் அவன் பிழைத்துக்கொண்டான். கண்கள் இரண்டும் போய்விட்டன. "உசுரு நின்னுச்சில்ல, கண்ணு இன்னா பெரிய கண்ணு" என்றாள் பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா. அவள் வீட்டுக்காரர் பிழைக்கவில்லை. அவள் சொல்லலாம், யாரும் மறுத்துப் பேச முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னிடமும் அண்ணியிடமும் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவான். இரண்டாவது படிக்கும் மகளிடம் மட்டும் பேசுவதே இல்லை. குழாயடிக்குக் கூட்டிப்போக அவள் வந்து கையைப் பிடித்தால் உதறிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு போவான். "அப்பாவுக்கு எம்மேல கோவமா அத்த?" என்று ஒருநாள் கேட்டாள். கோபமில்லை, வெட்கம் என்று அந்த வயசுக்கு எப்படிச் சொல்வது? இப்படியே போனால் பிள்ளை அப்பன் குரலையே மறந்துவிடுவாள் என்று எனக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணி சித்தாள் வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளை என் செல்போனில் எதையெதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த நாய் வந்தது. "அண்ணே, நம்ம சாராய நாயி!" என்று கூவிவிட்டேன். அண்ணன் வீட்டில் அது சொல்லக்கூடாத வார்த்தை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சுவரில் சாய்ந்திருந்தவன் தலையைத் திருப்பினான். "சவுண்டு ஜாஸ்தி வை."

வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சத்தத்தோடு கேட்டோம். பீப்பாயில் இருந்தது தேனாம். குட்டிகளுக்காக நாய் உருட்டிப் போகிறதாம். தொப்பிக்காரர் போலீஸும் இல்லை, காட்டுக் காவலாளி. "நில்! முன்னால் பள்ளம் இருக்கிறது, நில்!" என்று தொண்டை கிழியக் கத்தியபடி பின்னால் ஓடி வருகிறார்.

"யாரு கத்தறது?" என்றான் அண்ணன்.

"தொப்பிக்காரரு."

"புடிக்க வரலியா அவுரு?"

"இல்லண்ணே. நிறுத்தத்தான் கத்திக்கினே வராரு."

துண்டை எடுத்து வேர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாம ஓடு ஓடுன்னோமே" என்றான்.

எதையாவது பேசியாக வேண்டும் போலிருந்தது. பிள்ளையிடம் ஜன்னல் கதையைச் சொன்னேன். "உங்கப்பன்தான்டி எங்களுக்கு சவுண்டு. நாயி, ஆளு எல்லாம் அவந்தான் பேசுவான்."

"அப்பாவா?" என்றாள் அவள். "அப்பா பேசவே மாட்டாரே."

அண்ணன் காதில் அது விழுந்தது. பிள்ளை சத்தத்தை மொத்தமாகக் குறைத்து, படத்தை முதலிலிருந்து வைத்தாள். அவன் பக்கத்தில் போய், தொடாமல் உட்கார்ந்தாள்.

"அப்பா, நாயி மலை ஏறுது. தொப்பி மாமா பின்னாடி வராரு. பேசு."

அவன் துண்டை மடித்தான், பிரித்தான்.

"பீப்பா கல்லுல இடிக்குது. பேசுப்பா. ஓரத்துக்கு வந்துடுச்சு, தாண்டிடுச்சு." சட்டென்று படத்தை நிறுத்தினாள். "நிறுத்திட்டேன். நீ சொன்னாத்தான் வுடுவேன்."

நாய் பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றில் நின்றது. இந்த மாதிரிப் படங்களில் கீழே பார்க்கிறவரை யாரும் விழுவதில்லை. நானே நாய்க்குப் பேசிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். செல்போன் மங்கியபோது பிள்ளை விரலால் தொட்டு வெளிச்சம் வரவைத்தாள்.

"கீழ பாக்காத" என்றான் அண்ணன். கட்டைக்குரலும் இல்லை, கீச்சுக்குரலும் இல்லை.

"இது யாருப்பா? நாயா, தொப்பி மாமாவா?"

"அப்பன்தான்டி" என்றான்.

அவள் படத்தை ஓடவிட்டாள். நாய் கீழே பார்த்தது.

"வுழுந்துடுச்சுப்பா" என்றாள்.

"தெரியும்" என்றான் அவளிடம்.