சைலன்சர் வாயில் ஒரு தீக்குச்சி

சுடலைக்கண்ணு சட்டைப் பையில் விரலை விட்டு ஒரு தீக்குச்சியை எடுக்கிறார். பெட்டி கிடையாது, குச்சி மட்டும்தான். அதை நீளக் கம்பி ஒன்றின் நுனியில் செருகி, உறுமிக்கொண்டு நிற்கும் பைக்கின் சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி நீட்டுகிறார். மற்றக் கை ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிவிட்டுச் சட்டென்று விடுகிறது. பைக் செருமி அடங்குகிறது. குச்சி பற்றவில்லை. இன்னொரு தரம் முறுக்கி விட்டுப் பார்க்கிறார், அப்போதும் பற்றவில்லை. கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குச்சியைப் பத்திரமாகத் திரும்பவும் பையில் போட்டுக்கொள்கிறார்.

"சரி, கெடக்கட்டும். கொண்டு போங்க" என்கிறார் வண்டிக்காரரிடம். அவர் தரும் உத்தரவாதம் இவ்வளவுதான். குச்சி பற்றிக்கொண்டால் வண்டி அன்றைக்கு வீடு போகாது. சொந்தக்காரர் மந்திரியின் மச்சானாகவே இருந்தாலும் டவுன் பஸ் பிடித்துத்தான் போக வேண்டும்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் இருக்கிறது அவருடைய பட்டறை. அதற்கு நேர் மேலே மாடியில் என்னுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்து என் மாணவர்களில் பாதிப் பேரைக் கொத்திக்கொண்டு போய்விட்டன. மிச்சம் இருக்கிறவர்களை இவருடைய சத்தம் விரட்டாமல் இருக்க வேண்டுமே என்று நான் கும்பிடாத சாமி இல்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கீழே இறங்கிப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் காதில் திணித்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "ஒங்க சத்தத்துக்குந்தான் சார் இத வச்சிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் அவருக்கும் சண்டை வந்ததில்லை.

ஐம்பதை நெருங்கும் வயது. ஒல்லி. சட்டைக்கு முன்னொரு காலத்தில் ஒரு நிறம் இருந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால், மதுரையிலிருந்து நின்றுகொண்டே வந்து இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியவர் மாதிரி இருக்கும். காலையில் கடை திறக்கும்போதும் அதே முகம்தான், சாயங்காலமும் அதே முகம்தான். ஊரில் உள்ள பைக்கையெல்லாம் காது கிழிய உறும வைக்கிற மனிதர் வீட்டுக்குப் போவது சைக்கிளில். அதற்கும் மணி கிடையாது. ஆள் குறுக்கே வந்தால் இறங்கி நின்றுவிடுவார்.

இளவட்டங்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பளபளவென்று சைலன்சர் வாங்கி வருகிறார்கள். வண்டியோடு வரும் சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகள் இருந்து சத்தத்தை அமுக்கி வைத்திருக்கும். இவர்கள் வாங்கி வருவதில் அதெல்லாம் ஒன்றுமில்லை, ஏறக்குறைய வெறும் குழாய். அதை அப்படியே மாட்டிவிட்டால் என்ஜினுக்குக் காற்று கூடிப்போய் பெட்ரோல் போதாமல் போகும். ஓட்டத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் மிச்சம் மீதி பெட்ரோல் சூடான குழாய்க்குள் பற்றி, பட் பட்டென்று வெடிக்கும். சமயத்தில் வாய் வழியே தீயும் எட்டிப் பார்க்கும்.

அதனால் சைலன்சரை மாட்டுவது அவருக்குப் பெரிய வேலை இல்லை. மாட்டிய பிறகுதான் வேலையே. கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் கூடுதலாக இறங்கும்படி அதன் துளையான ஜெட்டைப் பெரிதாக மாற்றுவார், ஊசியை ஒரு படி தூக்கி வைப்பார், குழாய் என்ஜினோடு சேருமிடத்தில் மூச்சு கசியாமல் இறுக்குவார். பிறகு பைபாஸ் வரை ஓட்டிப்போய் வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நுனி வெளுத்திருந்தால் "பட்டினி" என்பார். கருத்திருந்தால் "செரிக்கல" என்பார். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தால் மட்டும், "இப்பம்தான் ஒழுங்கா சாப்பிட்டிருக்கு" என்று பெருமூச்சு விடுவார். அவர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை. தூக்குச்சட்டியில் கம்பங்கூழ் மூன்று மணிக்கும் மூடியே இருக்கும்.

கடைசியில்தான் அந்தத் தீக்குச்சிச் சோதனை. வேறு ஊர் மெக்கானிக்குகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இது தீப்பெட்டி ஊர். இங்கே பைக் வைத்திருப்பவர்களில் ஒருவன் தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலைக்கு இங்கே அதுதான் பேர்) கணக்கு எழுதுகிறான், ஒருவன் மருந்து ஏற்றுகிறான், ஒருவன் அக்காளைக் கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுகிறான். மழை பொய்த்துக் கரிசல்காடெல்லாம் வெடித்துக் கிடக்கிற வருஷங்களில் ஊரே அந்த வேலையில்தான் கஞ்சி குடிக்கிறது. சுடலைக்கண்ணுவுக்கும் ஓட்டப்பிடாரம் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. "நெலமா அது? காஞ்சா கல்லு, நனைஞ்சா களி. எவன் மல்லுக்கட்டுவான்?" என்பார்.

அவர் மனைவி வள்ளிமயில், பூவனநாதன் முதலாளியின் ஆபீஸில் பெட்டி அடைக்கிறார். மருந்து முக்கிக் காயவைத்த குச்சிகளைக் கைநிறைய அள்ளிப் பெட்டிக்குள் தள்ளுகிற வேலை. எத்தனை பெட்டியோ அத்தனைக்குத்தான் கூலி, அதனால் கை நிற்காது. எப்போதாவது ஒரு குச்சி உரசிக் கையோடு பற்றிக்கொள்ளும். அந்த அம்மாளின் வலது கை விரல்களில் அப்படிப்பட்ட தழும்புகளை நானே பார்த்திருக்கிறேன். சுடலைக்கண்ணுவின் சட்டைப் பைக்குக் குச்சி வருவதும் அங்கிருந்துதான். இரண்டு தலை ஒட்டியது, வளைந்தது என்று கழித்துப் போட்டவை. பெட்டியைப் பட்டறைக்குள் விடமாட்டார். "குச்சியும் பெட்டியும் ஒரே பையில கெடக்கப்படாது சார். மாமியாளும் மருமவளும் மாதிரி" என்பார்.

போன மாசி மாதம் பூவனநாதனின் மகன் ஹரி ஒரு புது சைலன்சரோடு வந்தான். கோயம்புத்தூரில் படிப்பு முடித்துவிட்டு அப்பாவுக்குத் துணையாக வந்திருப்பவன். நல்ல பையன், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, எல்லோரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, சத்தம் மட்டும் போதாது. ஆக்சிலேட்டர விட்டா பின்னால தீ வரணும். அப்படி செட் பண்ணித் தாங்க."

"மத்தியானம் ஆபீஸுக்கு இதுலதான வாரிய?"

"ஆமா."

"வண்டிய எங்கன நிப்பாட்டுவிய?"

"ஷெட்டுக்குப் பக்கத்துலதான் அண்ணாச்சி. அங்கனதான நெழல் கெடக்கு."

அந்த ஷெட்டில்தான் குச்சி காய்கிறது. அதன் வாசலோரம்தான் வள்ளிமயில் உட்கார்ந்து பெட்டி அடைக்கிறார். சுடலைக்கண்ணு கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார், வைத்தார், மறுபடி எடுத்துத் துடைத்தார்.

"எனக்கு ஏலாது தம்பி."

"சரி அண்ணாச்சி, சங்கடப்படாதிய. திருநெல்வேலியில ஒருத்தன் செஞ்சு தாரேன்னு சொல்லியிருக்கான்." கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். தெரு முனை வரை போயிருப்பான். சுடலைக்கண்ணு பின்னாலேயே ஓடிப்போய், "கொண்டாங்க, நானே மாட்டுதேன்" என்று கூட்டி வந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் கேட்டேன். "நான் மாட்டலேன்னா இன்னொருத்தன் மாட்டுவான் சார். அவன் பொண்டாட்டி அங்கன வேல பாக்கல" என்றார்.

அந்த ஒரு வண்டிக்கு இரண்டு நாள் செலவழித்தார். பிளக் கருத்துப்போகும் அளவுக்குப் பெட்ரோலைக் கூட்டி வைத்தார். வண்டியின் வேகம் குறையும், பெட்ரோல் செலவு ஏறும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தார். எத்தனை குச்சி நீட்டியும் ஒன்றுகூடப் பற்றவில்லை. சத்தம் மட்டும் என் ஜன்னல் கண்ணாடியை உலுக்கியது. அன்றைக்கு முதல் தடவையாக அந்தச் சத்தத்தை நான் வையவில்லை.

பத்து நாள்கூட நிம்மதியாக இருக்க விடவில்லை. தீ வரவில்லையே என்று ஹரி திருநெல்வேலிக்குப் போய் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். வந்தவன் நேராகப் பட்டறை வாசலுக்குத்தான் வந்தான். ஆசையாகக் காட்டத்தான் வந்தான், பாவம். "இப்பப் பாருங்க அண்ணாச்சி!" முறுக்கி விட்டான். தீபாவளி மாதிரி வெடித்து, விரல் நீளத்துக்கு நீலமாகத் தீ வந்து போயிற்று. என் மாணவி ஒருத்தி மேலே மிஷினை விட்டு எழுந்தே விட்டாள். சுடலைக்கண்ணு குச்சியை எடுக்கக்கூட இல்லை.

"ஆபீஸுக்குத்தான் போறியளா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் பூவனநாதன் முதலாளியைப் பார்க்கப் போனார். விளையாட்டுக் காரியமில்லை, ஷெட்டுக்குப் பக்கத்தில் வண்டியை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி வே, அந்தச் சைலன்சர அவனுக்கு மொதல்ல மாட்டிவிட்டது யாரு? நீருதான?" என்றாராம்.

"திருப்பி ஒண்ணும் கேக்கலையா?" என்றேன்.

"என்னத்தக் கேக்க? அவிய சொன்னது நெசந்தான?" என்றார் சுடலைக்கண்ணு. சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டிலும் தோல்விதான். மனைவியை வேலையை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். வள்ளிமயில் விடுகிற ஆளா? அந்த அம்மாள் சொன்னதை அவரே ஒரு மாதிரிப் பெருமையோடு என்னிடம் ஒப்பித்தார். "விட்டுட்டு? ஒம்ம பட்டறையில வந்து நட்டு கழுவவா? வேலியில போன ஓணான எடுத்து மடியில கட்டுனது நீரு. இப்பம் குத்துது கொடையுதுன்னா? என்னைய மட்டும் வெளிய இழுத்துட்டா, எம்பக்கத்துல இருக்கவளுவ எல்லாம் யாரு வே? அவளுவளுக்கு வீடு வாசல் இல்லையா?"

பூவனநாதன் ஆபீஸுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களுக்குப் பதில் அடித்துத் தருவது நான்தான். போன வாரம் ஒரு மத்தியானம் அவற்றைக் கொடுக்கப் போனேன். நல்ல உச்சி வெயில். கேட்டுக்கு வெளியே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சுடலைக்கண்ணு நின்றார். பக்கத்தில் அவருடைய சைக்கிள்.

"இங்கன என்ன செய்யுதிய?" என்றேன்.

"சும்மாதான் சார். டெய்லி வாரதுதான்."

அவர் சொல்லி முடிக்குமுன் ரயில்வே கேட் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. சுடலைக்கண்ணு ரோட்டுக்கு வந்து கையைக் காட்டினார். ஹரி பழகியவன் போல நிறுத்தி, வண்டியை அணைத்து, இறங்கினான்.

"குடுங்க தம்பி. உள்ள நான் கொண்டு போறேன்."

"அண்ணாச்சிக்கு என் வண்டின்னா உசிரு சார். ஒரு தூசி படவிட மாட்டாரு" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஹரி ஆபீஸ் அறைக்குள் போய்விட்டான். அவன் அப்படித்தான் நம்புகிறான். இவரும் அப்படியே நம்பவிட்டிருக்கிறார்.

கேட்டுக்குள் சின்ன ஏற்றம். அந்தக் கனமான வண்டியை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். செருப்பு சரளையில் சறுக்கியது. நான் கை கொடுக்கப் போனேன், "வேண்டாம் சார், சூடு" என்று தலையை அசைத்தார். ஷெட்டையும் நிழலையும் தாண்டி, முற்றத்தின் கோடியில், கொளுத்துகிற வெயிலில், காம்பவுண்டுச் சுவர் வரை கொண்டுபோனார். சைலன்சர் வாய் சுவரைப் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அப்புறமும் அவர் போகவில்லை. வண்டிக்கும் ஷெட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

நான் உள்ளே போய்க் கடிதங்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் அதே இடத்தில் நின்றார். துண்டு நனைந்திருந்தது. சற்றுப் பொறுத்துச் சட்டைப் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். இந்தத் தடவை கம்பி இல்லை. குனிந்து, குச்சியின் கருப்புத் தலையைச் சைலன்சர் வாயில் நேராக வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். குச்சி சும்மா இருந்தது.

ஷெட் வாசலிலிருந்து வள்ளிமயிலின் குரல் வந்தது. "ஆறிட்டா?"

"ஆறிட்டு."

அவர் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால், ஷெட்டுக்குள், அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் பெட்டி அடைக்கத் தொடங்கும் சத்தம் கேட்டது. அதுவரை அங்கே எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.