ஏழாம் அத்தியாயத்துத் தண்ணீர்

நான் நாவல் எழுதுவது ஆங்கிலத்தில். சோரியாங்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு ஏன் ஆங்கிலம் என்று கூட்டங்களில் கேட்பார்கள். இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்ந்தவள் என்று ஏதாவது அளந்துவிடுவேன். உண்மை வேறு. ஊரைப் பற்றி எழுதலாம், ஊர் படிக்காது. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அந்தத் தைரியத்தில்தான் என் ஓரகத்தியை நாவலில் போட்டேன். என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பக்கத்து வீடு. நான் எழுத வேண்டுமென்று மத்தியானச் சோற்றை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவளே வடிப்பாள். அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு ஏழாம் அத்தியாயத்தில் அவளைத் தண்ணீர்த் திருடி ஆக்கினேன்.

நடந்ததுதான். ஒரு வருஷம் ஏரித் தண்ணீர் மேல்மடை வயல்காரர்களின் முறைநாளில் அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பட்டப்பகலில் வாய்க்காலை அடைத்து எங்கள் நெல்லுக்குத் திருப்பிவிட்டாள். நாவலில் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், ஒல்லியானவளைக் குண்டாக்கினேன். அடைத்த விதத்தை மட்டும் மாற்றாமல் அப்படியே வைத்தேன். மற்றவர்கள் மண்ணை வெட்டிப் போடுவார்கள். அவள் பழைய பாவாடையின் ஒரு முனையை முடிச்சுப் போட்டு, உள்ளே சேற்றை நிரப்பி வைப்பாள். வேலை முடிந்ததும் அப்படியே தூக்கிவிடலாம், தடயமே இருக்காது. அவ்வளவு அழகான விவரத்தை விட எனக்கு மனசு வரவில்லை. பாகூர் கொம்யூன் ஊர்கள் முழுக்கத் தேடினாலும் அப்படி அடைப்பவள் அவள் ஒருத்திதான்.

புத்தகம் வந்தது. மதகடிப்பட்டில் கல்லூரிக்குப் போகிற அவள் மகள், சாயங்காலம் மல்லாட்டைக் கடலை உரிக்கிற அம்மாவுக்குத் தினம் ஓர் அத்தியாயம் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். ஆறாவது முடிந்தது, மறுநாள் ஏழு. அக்கா முகம் கொடுக்காமல் போனால் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டாமா? அந்தப் பெண்ணைக் கூட்டிப்போய் மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்து, ஏழாவதை மட்டும் தாண்டிவிடு என்று கெஞ்சினேன்.

"கவலப்படாத சித்தி, நான் பாத்துக்குறேன்" என்று எலும்பைக் கடித்தாள்.

அன்று சாயங்காலமே ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டாள்.

"இன்னாடி, இங்க வா" என்று மறுநாள் காலை அக்கா கூப்பிட்டாள். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"என்னத்தான் எழுதிக்கிறியாமே. முடிச்ச அப்பிடியா போடுவாங்க? நீ எழுதுன மாதிரி போட்டா அர அவுர்ல அவுந்துக்கும்."

இவ்வளவுதானா, பிழைத்தோம் என்று நினைத்தேன். "அடுத்த பதிப்புல திருத்திடுறேன்க்கா" என்றேன்.

"அத்த வுடு. நான் திருடுனன்னு எழுதிக்கின, செரி, திருடுனவதான். அன்னிக்கி வரப்பு மேல நின்னுக்கினு ஆளு வருதான்னு பாத்தவ யாரு? உன் பயிருந்தான காஞ்சிது. என் பொண்ணாண்ட பொஸ்தகம் பூரா தேடச் சொன்னன். உன்ன மட்டும் காணமேடி."

வெட்கமாக இருந்தது. அந்த அத்தியாயத்தை மூன்று தடவை திருத்தி எழுதியிருந்தேன். முதல் பிரதியில் நான் வரப்பு மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.