திரு இருதயத்துக்கு ஒரு கதவு

கலியாணம் கட்டிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது அறையல்ல. கூடத்துச் சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருந்த இடம். முன்பு அங்கே பெரிய அலுமாரி நின்றதாம். அலுமாரியை விற்றுவிட்டு எங்களை வைத்தார்கள். மூன்று பக்கமும் சுவர், நாலாவது பக்கம் சீத்தைத் துணித் திரை. வீட்டில் கதவுள்ள ஒரே அறையில் மாமியும் மச்சாளும் படுத்தார்கள்.

கட்டிலுக்கு நேர் மேலே, சுவர் மாடத்தில், இயேசுவின் திரு இருதய சுரூபம். பொழுது பட்டதும் மாமி திரையை இழுத்து ஒதுக்குவார். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வந்து, எங்கள் கட்டிலைப் பார்த்து முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும். காய்ச்சலானாலும் நான் எழும்பிவிட வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம் கிடந்தால், செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் அதன் மேலேயே விழுவதுபோல எனக்கு இருக்கும். சாத்துவதற்கு ஒரு கதவு, அவ்வளவுதான் நான் கேட்டது. துறைமுகத்தில் கிளாக்கராயிருந்த என் கணவருக்கு ஒரே பதில்தான்: "கொஞ்சம் பொறும்."

பாஸ்குத் திருநாள் முடிந்து வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க ஃபாதர் வந்தார். மாமி அவரைத் தவிர வேறு யார் சொல்லையும் கேட்கமாட்டார். மந்திரித்து வைத்த சுரூபத்தையும் அசைக்கமாட்டார். அப்படியானால் நாங்கள்தானே அறைக்குப் போகவேண்டி வரும்? கணக்குப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"ஃபாதர், கலியாணம் கட்டினவை படுக்கிற இடத்தில சுரூபம் இருக்கிறது சரியே?"

ஃபாதரின் காது சிவந்துவிட்டது. மாமியைப் பார்த்து, "ஓம், அது அவ்வளவு வடிவில்லைத்தான்" என்றார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். மனதுக்குள் அந்த அறையில் கொடிகட்டி உடுப்பும் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால் மாடம் வெறுமையாகக் கிடந்தது. கதவுள்ள அறையில், புதுத் துணி விரித்த மேசையில், சுரூபம்.

"ஃபாதர் சொன்னது சரி. இனி ஆண்டவருக்குத் தனி அறை, அதுக்குள்ள ஒருத்தரும் படுக்கக்கூடாது" என்றார் மாமி. "நானும் உம்முடைய மச்சாளும் கூடத்தில படுப்பம். உமக்கும் துணையாயிருக்கும், பிள்ளை."

அன்றிரவே அவர்களுடைய இரண்டு பாய்களும் திரையோடு ஒட்டினாற்போல விழுந்தன.

மறுநாள் விடிய, நான் கண் திறக்குமுன்பே திரைக்கு வெளியிலிருந்து மாமியின் குரல் வந்தது: "என்ன பிள்ளை, ராவெல்லாம் புரண்டு கொண்டிருந்தனீர்?"

எனக்கு அழுகை வந்தது. மேலே மாடம் வெறுமையாயிருந்தது. சுரூபம் அங்கே இருந்தவரைக்கும், அது ஒருநாளும் என்னை இப்படிக் கேட்டதில்லை.